நீலத் தொப்பி போட்ட முந்நூறு பேர்: அயர்லாந்தின் அமைதிப்படைப் பணி வெறும் காட்சியா?

வாசகர் ஒருவரின் கேள்வி: மொத்தப் படையே சுமார் 7,500 பேர். போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. நேட்டோவிலும் இல்லை. இப்படி ஒரு நாடு லெபனானுக்கு முந்நூற்றுச் சொச்சம் பேரை அனுப்பி என்ன ஆகிவிடப் போகிறது? ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளவும் அலவன்ஸ் வாங்கவும்தானே?

2 செப்டம்பர் 2025, இரவு

நான் ஆத்லோனில் இருக்கிறேன், ஒன்பது வருடமாக. அயர்லாந்தின் நட்டநடுவில், ஷானன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஆற்றின் மேற்குக் கரையில் கஸ்டூம் பாரக்ஸ் என்ற ராணுவ முகாம் இருக்கிறது. முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக வேலை. படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்களிடம் எப்போதும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அதனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் போக முடியவில்லை.

முதலில் கணக்கு. 1958-இல் லெபனானுக்கு 50 அதிகாரிகளைப் பார்வையாளர்களாக அனுப்பியதில் இருந்து இன்றுவரை, ஏதாவது ஓர் ஐ.நா. பணியில் அயர்லாந்துக்காரர்கள் இல்லாத நாளே கிடையாது. வெளிநாட்டில் ஐ.நா. பணியில் இறந்தவர்கள் 88 பேர். அதில் லெபனானில் மட்டும் 48. ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை உள்ள நாட்டுக்கு இது சின்ன எண் இல்லை.

ஐந்து நாட்களுக்கு முன்புதான் பாதுகாப்பு சபை 2790-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. லெபனானில் உள்ள யூனிஃபில் என்ற ஐ.நா. அமைதிப்படைக்கு 2026 டிசம்பர் 31 கடைசி நாள். அதற்கடுத்த ஓராண்டுக்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். இந்த நேரத்தில் “என்ன ஆகிவிடப் போகிறது” என்று கேட்டால் கொஞ்சம் வலிக்கிறது. கேட்டவர் மேல் கோபமில்லை. அயர்லாந்திலேயே நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள்.

3 செப்டம்பர்

அலவன்ஸ் பற்றி. ஆமாம், உண்டு. அதற்காகவும் போனார்கள், போகிறார்கள். எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவர் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் லெபனானுக்குப் போனவர். இரண்டாவது தடவை கிடைத்த பணத்தில்தான் வீட்டுக்குச் சமையலறை கட்டினாராம். ஆறு மாதம் மனைவி தனியாக நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வளைகுடாவுக்குப் போய் வீடு கட்டிய குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

இங்கே வயது பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. அவரை “சார்ஜன்ட்” என்றே கூப்பிடுகிறேன். அவருக்கும் அது பிடித்திருக்கிறது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

6 செப்டம்பர்

காங்கோ பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1960 ஜூன் கடைசியில் காங்கோ பெல்ஜியத்திடம் இருந்து விடுதலை பெற்றது. சில நாட்களில் நாடு குலைந்தது. தாமிரமும் கோபால்ட்டும் கொட்டிக் கிடந்த கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஐ.நா. படை கேட்டது, அயர்லாந்து ஜூலையிலேயே ஒரு பட்டாலியனை அனுப்பியது. அதுவரை வெளிநாட்டுக்கு மொத்தமாகப் படை அனுப்பிய பழக்கமே அந்த நாட்டுக்கு இல்லை. சார்ஜன்ட்டின் அண்ணன் அதில் போனவர். அமெரிக்க விமானப்படையின் பெரிய குளோப்மாஸ்டர் விமானத்தில் ஏற்றினார்களாம். உடுத்தியிருந்தது அயர்லாந்துக் குளிருக்குத் தைத்த முரட்டுக் கம்பளிச் சீருடை. அதோடு நிலநடுக்கோட்டில் போய் இறங்கினார்கள். கையில் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டிய லீ என்ஃபீல்டு ரைபிள். “அண்ணன் அந்தச் சட்டையைக் கடைசிவரை மன்னிக்கவில்லை” என்று சார்ஜன்ட் சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பு நவம்பர் வரைதான். 8 நவம்பர் 1960, நியெம்பா என்ற இடம். லெப்டினன்ட் கெவின் கிளீசன் தலைமையில் 11 பேர் ரோந்து போனார்கள். பாலம் உடைந்து கிடந்தது. சாலையைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க இறங்கினார்கள். காட்டில் இருந்து பலூபா இன மக்கள் வில் அம்போடு சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேரும் இறந்தார்கள்.

அந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று இங்கே நெடுங்காலம் பேசினார்கள். கட்டாங்காவின் ஆயுதப் படையும் அதன் வெள்ளைக்காரக் கூலிப்படையும் பலூபா கிராமங்களைப் படாத பாடு படுத்தியிருந்தன. துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் அதே ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். நீலத் தொப்பி என்றால் என்ன என்று யார் போய் அவர்களுக்குச் சொன்னது?

7 செப்டம்பர்

நேற்று எழுதியதில் தப்பு. “அத்தனை பேரும் இறந்தார்கள்” என்று எழுதிவிட்டேன். 11 பேரில் 9 பேர் இறந்தார்கள், இருவர் பிழைத்தார்கள். அந்தோனி பிரவுன் என்ற சிப்பாயின் உடல் இரண்டு வருடம் கழித்து 1962-இல்தான் கிடைத்தது. வீரத்துக்கான அயர்லாந்தின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கத்தை முதன்முதலில் பெற்றது அவர்தான். பிழைத்த இருவரையும் என் வாக்கியத்தில் நானே கொன்றுவிட்டேனே என்று காலையில் இருந்து மனசு சரியில்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

டப்ளினில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் தெருவில் நின்றார்கள். சார்ஜன்ட் அப்போது பள்ளிப் பையன். அப்பா அவனைத் தோளில் தூக்கவில்லை, “உனக்கு வயசாயிடுச்சு, நிமிர்ந்து நில்” என்றாராம். முன்னால் நின்றவர்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது, அப்புறம் ஊரே அமைதியானது, லாரி இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது என்கிறார்.

14 செப்டம்பர்

இந்த வாரம் ஜாடோவில் நினைவு நாட்கள், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த முழு விஷயத்திலும் மனசை அறுப்பது இதுதான்.

1961 செப்டம்பர். கட்டாங்காவில் ஜாடோவில் என்ற சுரங்க ஊர். அங்குள்ள பெல்ஜியக் குடியேறிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பெல்ஜியம் கேட்டதால் ஐ.நா. அயர்லாந்துப் பட்டாலியனில் இருந்து ஒரு கம்பெனியை, அதாவது ஒரு சிறு படைப்பிரிவை, அனுப்பியது. சுமார் 150 பேர், பெரும்பாலும் இந்த ஆத்லோன் முகாமையும் மேற்குப் பகுதியையும் சேர்ந்தவர்கள். நிறையப் பேருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குடியேறிகளே இவர்களை வேண்டாத விருந்தாளியாகப் பார்த்தார்கள். கம்பெனியின் தலைவர் கமாண்டன்ட் பாட் குவின்லனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பதுங்குகுழி வெட்டச் சொன்னார். வெயிலில் பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்கள்.

13-ஆம் தேதி காலை, பாதிப் பேர் திறந்தவெளியில் பூசையில் இருக்கும்போது தாக்குதல் தொடங்கியது. எதிரே ஆயிரக்கணக்கானோர், அவர்களுக்குக் கூலிப்படை அதிகாரிகள், மேலே ஃபூகா ஜெட் விமானம் ஒன்று. இவர்களிடம் இருந்தவை ரைபிள்கள், சில பழைய விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், சிறு மோர்ட்டார்கள். ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள். மீட்க வந்த படை லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியது. ஒரு ஹெலிகாப்டர் மட்டும் எப்படியோ தண்ணீர் கொண்டுவந்து இறங்கியது. கேன்களைத் திறந்தால் பெட்ரோல் வாடை, குடிக்க முடியவில்லை. குண்டும் தண்ணீரும் தீர்ந்தபின் 17-ஆம் தேதி குவின்லன் சரணடைந்தார்.

அவருடைய ஆட்களில் காயம்பட்டவர்கள் ஐந்து பேர். இறந்தவர் ஒருவர்கூட இல்லை. திரும்பப் படியுங்கள், ஒருவர்கூட இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் சிறை, அப்புறம் விடுதலை, ஊர் திரும்பினார்கள். அங்கே காத்திருந்தது மௌனம். சரணடைந்தார்கள் என்ற ஒரே சொல் அவர்களை விழுங்கிவிட்டது. குவின்லன் தன் ஆட்களில் பலருக்குப் பதக்கம் பரிந்துரைத்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. “ஜாடோவில் ஜாக்” என்று படைக்குள்ளேயே வசைச்சொல்லாக ஆனது. நியெம்பாவில் இறந்தவர்களுக்கு லட்சம் பேர் தெருவில் நின்றார்கள். ஜாடோவிலில் உயிரோடு திரும்பியவர்கள் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார்கள்.

குவின்லன் 1997-இல் இறந்தார். 2005-இல் இந்த முகாமுக்குள் நினைவுக்கல் வைத்தார்கள். 2016-இல் கம்பெனிக்கு மொத்தமாகப் பாராட்டு, 2017 டிசம்பரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பதக்கம். ஐம்பத்தாறு வருடம்! அந்த டிசம்பரில் நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தாத்தாவுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டேன். அவருடைய மைத்துனர் அந்தக் கம்பெனியில் இருந்தவராம், இறந்துவிட்டார், அவருக்குப் பதிலாகக் குடும்பத்தோடு இவர் போகிறார். என்ன விழா என்று எனக்கு அன்று தெரியாது. கல்யாணத்துக்குப் போகிறார் போல என்று நினைத்து டை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

15 செப்டம்பர்

“இந்தியா அப்போது எங்கே?” என்று கேட்டவருக்கு: அங்கேயேதான் இருந்தது. காங்கோவில் மிகப் பெரிய படைப்பிரிவுகளில் ஒன்று இந்தியாவுடையது. ஜாடோவிலை மீட்கப் போய் லுஃபிரா பாலத்தில் அடிபட்டவர்களில் கூர்க்கா வீரர்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 5-இல் கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா இறந்தார். ஐ.நா. பணிக்காகப் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். லெபனானிலும் 1998 முதல் இந்திய பட்டாலியன் இருக்கிறது. ஆகவே “குட்டி நாடு, பெரிய நாடு” என்று பிரித்து அடித்துக்கொள்ள வேண்டாம். பாலத்தின் இந்தப் பக்கம் அவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றார்கள்.

28 செப்டம்பர்

முதல் கேள்விக்கு வருகிறேன். முந்நூறு பேர் லெபனானில் என்னதான் செய்கிறார்கள்?

சார்ஜன்ட்டுக்கு ஒரு பழக்கம். இல்லத்தின் முன்ஜன்னல் ஓரம் அவர் நாற்காலி. மடியில் ஒரு சின்ன நோட்டு. வாசலில் வண்டி வந்தால் எழுதுவார். “14:10. வெள்ளை வேன். ஒருவர். ரொட்டி.” “14:35. வேன் வெளியே.” இடது காது கேட்காது, அதனால் வலது காதை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காருவார். அவர் வந்த புதிதில் இதை நான் மறதி நோயின் அறிகுறி என்று நினைத்தேன். குறிப்பேட்டில் “ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்” என்று என் கையாலேயே பதிவும் செய்தேன்.

ஒருநாள் மாத்திரை கொடுக்கும்போது கேட்டேன், இது எதற்கு என்று. அப்போதுதான் சொன்னார். தெற்கு லெபனானில் அவருடைய வேலையே இதுதான். சாவடியில் நிற்பது, பார்ப்பது, எழுதுவது. எந்த வண்டி, எத்தனை பேர், எந்தத் திசை. குண்டுச் சத்தம் கேட்டால் எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எத்தனை. எழுதியதை வயர்லெஸில் சொல்ல வேண்டும், அது நகூராவில் உள்ள தலைமையகத்துக்குப் போகும், அங்கிருந்து நியூயார்க் போகும். “நீ எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடும்” என்றார். அன்று சாயங்காலமே என் பதிவை மாற்றி எழுதினேன்.

இதுதான் நான் சொல்ல வருவது. அமைதிப்படைக்குச் சண்டையில் ஜெயிக்கிற வேலை கிடையாது. அங்கே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிது. 1980 ஏப்ரலில் அத் திரி கிராமத்தை இஸ்ரேல் ஆதரவு ஆயுதக்குழு பிடிக்க வந்தபோது அங்கே நின்றது அயர்லாந்துப் படைதான். ஒரு சிப்பாய் குண்டடிபட்டு இறந்தார். சில நாளில் இன்னும் இருவரைக் கடத்திக் கொன்றார்கள். 1981-இல் சாவடியில் இருந்து காணாமல் போன கெவின் ஜாய்ஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் இஸ்ரேல் டாங்கிகள் 6-52 என்ற காவல் நிலையின் பக்கத்திலேயே வந்து நின்றன. உள்ளே சுமார் 30 அயர்லாந்துக்காரர்கள். கிளம்பச் சொன்னார்கள், அவர்கள் கிளம்பவில்லை.

தெற்கு லெபனானில் உள்ள டிப்னின் ஊரில் ஓர் அனாதை இல்லத்துக்கு அயர்லாந்துச் சிப்பாய்கள் 1978-இல் இருந்தே கைகொடுத்து வருகிறார்கள். அங்கே கடைக்காரர்கள் பேசும் ஆங்கிலத்தில் அயர்லாந்து இழுவை கேட்கும் என்று போய்வந்த எல்லோரும் சொல்கிறார்கள். சாவடி வாசலில் சாமான் விற்ற ஒரு லெபனான்காரர் தன் மகளின் கல்யாண போட்டோவை சார்ஜன்ட்டுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அது அவர் படுக்கைக்குப் பக்கத்தில், பேரப்பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறது.

5 அக்டோபர்

யாழ்ப்பாணத்துச் சகோதரர் ஒருவர் கேட்டது: “அமைதிப்படை என்ற சொல்லை எப்படி உங்களால் இவ்வளவு சாதாரணமாக எழுத முடிகிறது?”

இரண்டு நாளாக இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். அவர் கேட்டது நியாயம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையைத்தான் தமிழில் இந்தச் சொல் முதலில் நினைவுபடுத்தும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். வார்டில் வேலை செய்பவளாக அதை நினைக்காமல் என்னால் இருக்க முடியாது. அந்தப் படையில் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் ஊர் திரும்பவில்லை.

அது ஐ.நா. அனுப்பிய படை இல்லை. இரண்டு அரசுகள் செய்த ஒப்பந்தத்தில் போனது. சில மாதத்திலேயே ஒரு தரப்போடு போரிடும் படையாக மாறிவிட்டது. ஐ.நா. பணிக்கு மூன்று விதிகள் உண்டு: தரப்புகளின் சம்மதம் வேண்டும், ஒரு பக்கம் சாயக் கூடாது, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காக்கவும் தவிரத் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. இந்த விதிகள் உடைந்தால் பெயர் எதுவாக இருந்தாலும் அது அமைதிப்படை இல்லை. கட்டாங்காவில் ஐ.நா.வே தாக்குதலில் இறங்கிய நாளில்தான் ஜாடோவில் பையன்களுக்கு அந்தக் கதி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 14-ஆம் தேதிக் குறிப்பில் அதை நான் எழுதாமல் விட்டது தப்பு.

19 அக்டோபர்

“மூன்று பூட்டு” பற்றி. பன்னிரண்டு பேருக்கு மேல் ஆயுதத்தோடு வெளிநாடு போக வேண்டுமென்றால் அயர்லாந்தில் மூன்று சம்மதம் தேவை: அரசு, டாயில் என்ற நாடாளுமன்ற அவை, ஐ.நா. இப்போதைய அரசு மூன்றாவதை எடுத்துவிடப் பார்க்கிறது, பன்னிரண்டை ஐம்பது ஆக்கவும் திட்டம். காரணம் கேட்டால் மறுக்க முடியவில்லை. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ, அதாவது எதையும் தனியாகவே தடுக்கும் அதிகாரம். 1999-இல் மாசிடோனியா தைவானோடு உறவு வைத்தது என்பதற்காகச் சீனா அங்கிருந்த ஐ.நா. படையை நீட்டிக்க விடவில்லை. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே படை அனுப்பியபோது ஐ.நா. அனுமதி முறைப்படி இல்லாததால் அயர்லாந்தால் போக முடியவில்லை. 2014-க்குப் பிறகு பெரிய ஐ.நா. அமைதிப்படை எதுவும் புதிதாக வரவில்லை.

ஆகவே பூட்டு போகட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

20 அக்டோபர்

இல்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன். 5-ஆம் தேதி நானே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஐ.நா. முத்திரை இல்லாமல் ஓர் அரசு தானாக அனுப்பும் படை என்னவாகும் என்று நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டோ கெட்டதுதான். எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்தட்டும், ஆபத்தில் மாட்டிய தன் மக்களை மீட்கப் போவதற்குத் தடையே வேண்டாம். பெரிய படை போவதற்கு மட்டும் அந்த மூன்றாவது பூட்டு இருக்கட்டும்.

சார்ஜன்ட்டிடம் கேட்டேன். இதில் அவர் எனக்கு எதிர்க்கட்சி, பூட்டை எடுக்க வேண்டும் என்கிறார். “ஒரு ரஷ்யனும் ஒரு சீனனும் எங்கள் பையன்களுக்கு பாஸ்போர்ட் கையெழுத்துப் போட வேண்டுமா?” என்று குரலை உயர்த்தினார். ரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது. கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன்.

8 நவம்பர்

நியெம்பா நாள். அறுபத்தைந்து வருடம். “பலூபா” என்ற சொல் இங்கே ரொம்ப காலம் முரடனைத் திட்டும் வார்த்தையாக இருந்தது. சார்ஜன்ட் ஒரு பையனை அப்படிச் சொன்னபோது கூட வேலை பார்க்கும் காங்கோக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா பலூபா. இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. போகும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

14 டிசம்பர்

லெபனானில் பணியாற்றிய அயர்லாந்துச் சிப்பாய் ஷான் ரூனி இறந்து இன்று மூன்று வருடம். டோனகல்காரர். 2022-இல் இதே நாள் இரவு, வீட்டில் நேர்ந்த துக்கத்துக்காக ஊர் திரும்ப வேண்டிய இரண்டு பேரை பெய்ரூட் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போன இரண்டு வண்டிகளில் ஒன்றை ஓட்டினார். அவர் வண்டி வழி பிரிந்து அல்-அக்பியாவில் மாட்டிக்கொண்டது, சுட்டார்கள். இந்த ஜூலையில் பெய்ரூட் ராணுவ நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர் நீதிமன்றத்திலேயே இல்லை.

இன்னும் ஓராண்டில் பணி முடிகிறது. 48 பேர் இறந்ததற்கு என்ன பலன் என்று முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். போர் நிற்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிப்னின் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு தலைமுறை வயலுக்குப் போய்வந்தது, பக்கத்தில் ஒரு சாவடி இருந்ததால்தான். பணி முடிந்தபின் அந்தச் சாவடியில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நோட்டை அப்புறம் யார் எழுதுவார்கள் என்பதுதான் என் கவலை.

சார்ஜன்ட்டுக்கு இப்போது கை நடுங்குகிறது. இன்று சாயங்காலம் நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றிருந்தது. “4:20” என்று எழுதினேன். தலையை ஆட்டிவிட்டு, அடித்து எழுதச் சொன்னார். 16:20.